அறுந்த இழை எங்கே? காஞ்சிபுரத்து வீடுகளில் மூப்படையும் ஸ்மார்ட் சுவிட்சுகள்

வைகாசிப் பெருவிழாவில் வரதராசப் பெருமாளின் தேர் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டுக் காந்தி சாலை வழியே நகர்ந்து வரும்போது, அது கடக்கும் வீதிகளில் மின்சாரம் நிறுத்தப்படுவதும், தேர் கடந்த பின் பகுதி பகுதியாகத் திரும்பக் கொடுக்கப்படுவதும் வழக்கம். மின்சாரம் திரும்பும் அந்த நொடியில், சாதாரணச் சுவிட்சு உள்ள வீட்டில் விளக்கு உடனே எரிந்துவிடுகிறது. அடுத்த வீட்டிலோ, கண்ணாடி முகப்பு கொண்ட சுவிட்சின் மூலையில் நீலப் புள்ளியொன்று கண் சிமிட்டத் தொடங்க, சன்னல் குறைந்த நடுக்கட்டு இருளில் கிடக்க, கைபேசித் திரையில் 'ஆஃப்லைன்' என்ற சொல் மட்டும் அசையாமல் நிற்கிறது. ரவுட்டர் முழுதாக விழித்தெழ ஓரிரு நிமிடங்கள் ஆகும். சுவிட்சோ சில நொடிகளிலேயே விழித்து, இன்னும் எழாத ரவுட்டரைத் தேடிச் சலித்து, பழைய வகையாக இருந்தால் தேடலையே கைவிட்டுவிடும். மறுநாள் அந்தச் சுவிட்சு 'போய்விட்டது' என்று கழற்றப்படுகிறது. உண்மையில் அதன் உள்ளே எதுவும் போகவில்லை.

ஸ்மார்ட் சுவிட்சு என்பது, விரலால் அழுத்துவதோடு கைபேசி வழியாகவும் குரல் வழியாகவும் கட்டளை பெற்று விளக்கை இயக்கும் சுவிட்சு. பட்டு வணிகர்கள் புதிதாகக் கட்டிய மாடி வீடுகளிலும், அயல்நாட்டில் பிள்ளைகள் பணிபுரியும் குடும்பங்களின் பழைய ஓட்டு வீடுகளிலும் கடந்த பத்தாண்டுகளில் இது இடம்பிடித்தது. அவற்றுள் முதலில் பொருத்தப்பட்டவை இன்று மூப்படைந்துள்ளன. அவற்றின் பழுதைத் தேடும் முறை தெரியாமையால் நல்ல சுவிட்சுகள் குப்பைக்குப் போகின்றன என்பதும், தேடும் முறை தெரிந்தாலும் தொலைதூர நிறுவனம் ஒன்றின் முடிவால் நல்ல சுவிட்சு பயனற்றுப் போகக்கூடும் என்பதும் ஒரே கவலையின் இரு பக்கங்கள்.

தறியில் கற்ற பாடம்

காஞ்சிபுரத்திற்குப் பழுது தேடும் கலை புதிதன்று. 1804ஆம் ஆண்டளவில் பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய, துளையிட்ட அட்டைகளின் வரிசையால் பாவு இழைகளைத் தூக்கும் பொறி, பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் மேல் இன்றும் அமர்ந்திருக்கிறது. ஒரு துளை உண்டா இல்லையா என்பதைக் கொண்டு ஓர் இழை எழுவதா தாழ்வதா என்பதை முடிவு செய்யும் அந்தப் பொறிக்கும், ஒரு கட்டளையைக் கொண்டு விளக்கை எரிப்பதா அணைப்பதா என்பதை முடிவு செய்யும் ஸ்மார்ட் சுவிட்சுக்கும் உறவு தொலைவானதன்று. சேலையில் கோலம் பிசகும்போது நெசவாளர் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. பிசகு எப்படிப் பரவியுள்ளது என்பதை முதலில் பார்க்கிறார். ஒரே இழையின் வழியே சேலை நீளத்துக்கும் பிசகு ஓடினால் குற்றம் அந்த இழையிலோ அதைத் தூக்கும் விழுதிலோ ஊசியிலோ இருக்கிறது. கோலம் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதே வரிசையில் மட்டும் பிசகினால் குற்றம் ஓர் அட்டையில் இருக்கிறது. அந்த ஓர் அட்டையை மாற்றினால் போதும்.

இந்த நோக்கே வீட்டுச் சுவிட்சுக்கும் பொருந்தும். ஸ்மார்ட் சுவிட்சு நான்கு அடுக்குகளின் மேல் நிற்கிறது: மின்வழங்கலும் ஒயரிங்கும் முதலாவது, சுவிட்சின் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை இரண்டாவது, வீட்டின் வைஃபை போன்ற கம்பியில்லா இணைப்பு மூன்றாவது, நிறுவனத்தின் சர்வர், அதாவது எங்கோ ஒரு நகரில் இருந்துகொண்டு கைபேசிக்கும் சுவிட்சுக்கும் இடையே செய்தி கடத்தும் கணினி, நான்காவது. ஒரு விளக்கு மட்டும் பணியாவிட்டால் முதல் இரு அடுக்குகளில் தேட வேண்டும். வீட்டின் ஸ்மார்ட் சுவிட்சுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் கைபேசித் திரையிலிருந்து மறைந்தால் ரவுட்டரைப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் சுவிட்சுகள் மட்டும் மறைந்து, மற்றவை இயங்கினால், ஐயம் சர்வரின் மேல் விழ வேண்டும்.

கையால் அழுத்துவதே முதல் சோதனை

ஆப்பைத் திறப்பதற்கு முன் சுவிட்சை விரலால் அழுத்திப் பார்த்தாக வேண்டும். உள்ளே 'டக்' என்ற சிறு ஒலி கேட்டு விளக்கும் எரிந்தால், மின்வழங்கலும் ரிலேயும் நலமாக உள்ளன; ரிலே என்பது சிறு மின்காந்தத்தால் இழுக்கப்பட்டுப் பெரிய மின்னோட்டத்தின் பாதையைத் திறந்து மூடும் உறுப்பு. ஒலி கேட்டும் விளக்கு எரியாவிட்டால் பல்பையும் ஹோல்டரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒலி கேட்டும் விளக்கு அணையாவிட்டால் ரிலேயின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருக்கக்கூடும்: எல்இடி விளக்குகளின் உள்ளிருக்கும் மின்சுற்று, எரியத் தொடங்கும் முதல் கணத்தில் தனது வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை இழுப்பதால், ஒரே சுவிட்சில் பல எல்இடி விளக்குகளைச் சேர்த்த கூடங்களில் இது நேர்கிறது.

ஒலியே கேட்காமல், காட்டி விளக்கு மட்டும் மங்கி மங்கி எரிந்தால், குற்றம் பெரும்பாலும் உள்ளிருக்கும் மின்வழங்கிப் பகுதியில்தான். அங்கே சிறுவிரல் நுனி அளவில், நீள்உருளை வடிவில் நிற்கும் மின்தேக்கியின் தட்டையான உச்சி உப்பியிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைச் சிறிது நேரம் தாங்கி வைத்து மின்னோட்டத்தைச் சீராக்கும் உறுப்பு. உள்ளே திரவம் கொண்ட இவ்வகையின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை செல்சியசு ஏறும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையினரின் கணக்கு. கோடையில் 40 பாகையைத் தொடும் ஊரில், காற்றோட்டமற்ற சுவர்ப்பெட்டிக்குள், இரவும் பகலும் மின்சாரத்தோடு பிணைந்திருக்கும் ஓர் உறுப்பு எவ்வளவு விரைவில் மூப்படையும் என்பதை இதைக் கொண்டு உணரலாம். மாற்று மின்தேக்கியின் விலை சில ரூபாய்தான். அதை மாற்றத் தெரிந்த ரேடியோ, தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர் ஊரில் இருந்தால் சுவிட்சு மீண்டும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

பெட்டிச் செய்தி: திறப்பதற்கு முன்
மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதே சுவிட்ச் போர்டில் 230 வோல்ட் தொடர்ந்து இருக்கக்கூடும். இன்வெர்ட்டரையும் தனியே அணைக்க வேண்டும். நியான் டெஸ்டர், அருகிலுள்ள ஒயரிலிருந்து தாவும் சிறு மின்னூட்டத்துக்கும் ஒளிர்வதால், மல்டிமீட்டரால் அளந்த பிறகே கை வைக்க வேண்டும். மின்சுற்றில் மாற்றம் செய்வது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனுக்கு உரிய பணி. மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி மீட்டர் பலகையில் இருப்பது உயிர்க்காப்பு.

நியூட்ரல் இல்லாத பலகைகள்

மின்சாரம் வரும் ஒயர் ஃபேஸ் என்றும், திரும்பும் ஒயர் நியூட்ரல் என்றும் அழைக்கப்படுகின்றன. விளக்கு அணைந்திருக்கும்போதும் ஸ்மார்ட் சுவிட்சு விழித்திருக்க வேண்டியிருப்பதால், அதற்கு இவ்விரண்டும் தேவை. பிளக் பாயின்ட் உள்ள பலகையில் நியூட்ரல் எப்படியும் வந்திருக்கும். ஆனால் திண்ணை, ரேழி, மாடிப்படி ஆகிய இடங்களில் ஒற்றைச் சுவிட்சுக்காக மரப்பட்டியின் மேல் ஒயர் ஓட்டிய பழைய வீடுகளில், நியூட்ரல் கூரையிலுள்ள விளக்குக்கு நேரே போய்விட, சுவிட்சுக்கு ஃபேஸ் மட்டுமே இறங்குகிறது. இத்தகைய இடங்களுக்கென வந்த நியூட்ரல் வேண்டாத சுவிட்சுகள், அணைந்திருக்கும் விளக்கின் வழியாகவே சிறு மின்னோட்டத்தைக் கசியவிட்டு உயிர் வாழ்ந்தன.

60 வாட் குண்டு பல்பு இருந்தவரை அந்தக் கசிவு யார் கண்ணிலும் படவில்லை. 2015 ஜனவரி 5 அன்று தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் வழங்கப்பட்டு, வீடுதோறும் 9 வாட் பல்பு வந்த பிறகு, அதே கசிவு அணைத்த விளக்கை இரவெல்லாம் மின்மினிபோல் சிமிட்ட வைக்கப் போதுமானதாயிற்று. சில இடங்களில், எல்இடி வழியே போதிய மின்னோட்டம் கிடைக்காமல் சுவிட்சே விட்டுவிட்டு இறந்து பிழைத்தது. இங்கே சுவிட்சும் குற்றமற்றது, பல்பும் குற்றமற்றது. இரண்டும் சேரும் இடமே குற்றமுடையது. விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே அதற்கென விற்கப்படும் சிறு மின்தேக்கியைப் பொருத்தினால் கசிவு அதன் வழியே சென்றுவிடும். நியூட்ரல் ஒயரைப் புதிதாக இறக்குவது அதைவிட நல்ல தீர்வு. சுண்ணாம்புச் சுவரை உடைக்க மனமில்லாத வீட்டார் முன்னதையே தேர்வது இயல்பு.

பக்கத்துச் சுற்றிலிருந்து நியூட்ரலைக் 'கடன்' வாங்கி இணைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆர்.சி.சி.பி., இவ்வாறு கடன்பட்ட சுற்றில் காரணம் தெரியாமல் டிரிப் ஆகிக்கொண்டேயிருக்கும். அதைப் பொறுக்காமல் கருவியையே நீக்கிவிடும் வீடுகள் பேராபத்தை விலைக்கு வாங்குகின்றன.

இன்வெர்ட்டரும் தெருக் கம்பியும்

2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகம் நீண்ட மின்வெட்டுகளைச் சந்தித்த காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர்களுள் பல, சதுர அலை வகையைச் சேர்ந்தவை. மின்வாரியம் தரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைபோல் ஏறி இறங்க, இவை படிக்கட்டுபோல் வெடுக்கென ஏறி இறங்குகின்றன. அலை பூச்சியத்தைக் கடக்கும் கணத்தைக் கணித்து ஒளியையோ மின்விசிறியின் வேகத்தையோ குறைக்கும் பழைய டிம்மர் சுவிட்சுகள், இந்தப் படிக்கட்டில் கணக்குத் தவறி ரீங்காரமிடுகின்றன அல்லது சூடேறுகின்றன. மின்வாரிய மின்சாரத்தில் சரியாகவும் இன்வெர்ட்டரில் மட்டும் தவறாகவும் நடக்கும் சுவிட்சைக் குறை கூறுவதற்கு முன் இன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கொடியது தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்துபோவது. அப்போது மூன்று ஃபேஸ்களில் பிரிந்து நிற்கும் வீடுகள் தம்மை அறியாமல் ஒன்றோடொன்று தொடராகி, குறைந்த சுமையுள்ள வீட்டில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கு ஏறலாம். ஒரே மாலையில் ஒரு தெருவின் ரவுட்டர்களும் ஸ்மார்ட் சுவிட்சுகளும் கூட்டமாகக் கருகியிருந்தால், தேட வேண்டிய இடம் வீட்டுக்குள் இல்லை. மின்னழுத்தம் எல்லை மீறினால் வீட்டையே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி, பத்துச் சுவிட்சுகளைக் காக்கும்.

மின்சாரம் வந்து வந்து போகும் நாள்களில் இன்னொரு விந்தை நேர்கிறது. சில வகைச் சுவிட்சுகளிலும் பல்புகளிலும், தொடர்ச்சியாக மூன்று முதல் ஐந்து முறை மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தால் பழைய அமைப்புகள் அழிந்து புதிதாக இணையும் நிலைக்குப் போகுமாறு வடிவமைத்துள்ளனர். மழைக்காலத்து மின்தடை அந்தச் சைகையைத் தானே செய்துவிடுகிறது. நீலப் புள்ளி வேகமாகச் சிமிட்டினால் அது இணைப்பை மறந்த சுவிட்சு; ஆப்பில் பழைய பதிவை நீக்கி மீண்டும் சேர்ப்பதே அதற்கு மருந்து.

ரவுட்டர் மாறிய மறுநாள்

ஃபைபர் இணைப்புக்கு மாறிய வீடுகளில் எழும் குறை வேறு வகையானது. புதிய ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் பரப்புகிறது. பழைய சுவிட்சுகளுள் பெரும்பாலானவை முன்னதை மட்டுமே அறியும். வைஃபையின் புதிய பூட்டு முறையான டபிள்யூபிஏ3 மட்டும் இயக்கப்பட்டிருந்தால், அதற்கு முன் செய்யப்பட்ட சுவிட்சுக்கு அந்தப் பூட்டின் சாவி தெரியாது. ரவுட்டர் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்சுக்குத் தனிப் பெயரும் டபிள்யூபிஏ2 பூட்டும் கொடுத்து, பழைய ரவுட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் அதற்கே இட்டுவிட்டால், சுவிட்சுகள் தாமாகவே வந்து சேர்வதைக் காணலாம். ஒவ்வொன்றாக ரீசெட் செய்யும் உழைப்பு மிச்சம்.

திண்ணையில் தொடங்கிக் கொல்லை வரை ரயில்பெட்டிபோல் நீளும் காஞ்சிபுரத்து வீடுகளில், வாசலருகே வைத்த ரவுட்டரின் அலை, கனத்த செங்கற் சுவர்கள் மூன்றைக் கடந்து தறி இருக்கும் கட்டை அடையும்போது இளைத்துவிடுகிறது. கழற்றிய சுவிட்சு ரவுட்டருக்கு அருகில் பணி செய்து, சுவரில் பொருத்தியதும் பணி செய்யாவிட்டால், காரணம் இந்த இளைப்பே.

அயல்நாட்டிலிருந்து அன்போடு கொண்டுவரப்படும் சுவிட்சுகளைப் பற்றி இங்கே எச்சரிக்க வேண்டியுள்ளது. அமெரிக்காவுக்கெனச் செய்த சுவிட்சு 120 வோல்ட்டுக்கு உரியது. 230 வோல்ட்டில் அது கருகும், தீயும் பற்றலாம். இரு மின்னழுத்தத்தையும் தாங்கும் வகையாக இருந்தாலும், அங்கே வைஃபையின் 1 முதல் 11 வரையுள்ள சானல்களே வழக்கில் இருப்பதால், இந்திய ரவுட்டர் 12ஆம் அல்லது 13ஆம் சானலில் அமர்ந்திருந்தால் அந்தச் சுவிட்சுக்கு ரவுட்டர் கண்ணுக்கே தெரியாது. இசட்-வேவ் என்னும் தனிக் கம்பியில்லா முறையில் அமெரிக்கக் கருவி 908.42 மெகாஹெர்ட்சிலும் ஐரோப்பியக் கருவி 868.42 மெகாஹெர்ட்சிலும் இந்தியக் கருவி 865.2 மெகாஹெர்ட்சிலும் பேசுவதால், அவை ஒன்றையொன்று கேட்கவே முடியாது.

சர்வர் மூடப்படும் நாள்

நான்காம் அடுக்கே இக்கட்டுரையின் பெருங்கவலை. மின்கம்பி வழியாகவே 120 கிலோஹெர்ட்ஸ் சைகையை அனுப்பி விளக்குகளை இயக்கிய எக்ஸ்10 முறை 1975இல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்ஸ் நகரில் பிறந்தபோது, சர்வர் என்ற ஒன்றே அதற்குத் தேவைப்படவில்லை. கட்டளை வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. இணையம் மலிந்த பின் வந்த சுவிட்சுகளிலோ, நடுக்கட்டில் அமர்ந்து நடுக்கட்டு விளக்கை எரிக்கச் சொல்லும் கட்டளைகூடக் கடல் கடந்து போய்த் திரும்புகிறது.

விளைவுகள் வரலாற்றில் பதிவாகியுள்ளன. 300 டாலருக்கு விற்ற ரிவால்வ் என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி, அதைச் செய்த நிறுவனத்தை நெஸ்ட் நிறுவனம் 2014இல் வாங்கிய பின், 2016 மே மாதம் முற்றிலும் செயலிழக்கச் செய்யப்பட்டது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. அப்போது கவனிக்கத்தக்க ஒன்று நிகழ்ந்தது: ஆப்பும் குரல்கட்டளையும் இறந்தபோதிலும், இன்ஸ்டியான் சுவிட்சுகள் மின்கம்பி வழியாகவும் வானொலி அலை வழியாகவும் தமக்குள் நேரடியாகப் பேசும் வகையாக இருந்ததால், சுவரில் அழுத்திய பொத்தான்கள் வழக்கம்போல் விளக்குகளை எரித்தன. ஆர்வமுள்ள பயனாளர்கள் சிலர் சேர்ந்து அதே ஆண்டு ஜூனில் அந்நிறுவனத்தின் உடைமைகளை வாங்கிச் சேவையை மீட்டனர். அத்தகைய மீட்பர் எல்லாப் பொருளுக்கும் வாய்ப்பதில்லை. பெல்கின் நிறுவனம் தனது வீமோ வகைச் சுவிட்சுகளுள் பெரும்பாலானவற்றுக்கான சேவை 2026 ஜனவரி 31 அன்று முடியும் என்று 2025 ஜூலையில் அறிவித்தது. ஆப்பிளின் ஹோம்கிட் முறையில் அந்நாளுக்கு முன்பே இணைக்கப்பட்டவை மட்டும் வீட்டுக்குள் தொடர வழியிருந்தது.

நிறுவனம் மூடாமலே தொடர்பு அறுவதும் உண்டு. சர்வர் உண்மையானதுதானா என்பதைச் சரிபார்க்க ஒவ்வொரு கருவியும் நம்பத்தக்க சான்றிதழ்களின் பட்டியலை உள்ளே வைத்திருக்கிறது. இணையத்தில் பரவலாகப் பயன்பட்ட மூலச் சான்றிதழ் ஒன்றின் காலம் 2021 செப்டம்பர் 30 அன்று முடிந்தபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல, நல்ல சர்வரையும் பொய்யென்று கருதி மறுத்தன. சுவரில் எதுவும் மாறவில்லை; நாள்காட்டியில் ஒரு தாள் கிழிந்தது, அவ்வளவே.

பெட்டிச் செய்தி: சட்டம் எதுவரை வந்துள்ளது?
இந்திய நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையத்தளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது தழுவுகிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் பொருளைத் தயாரிப்பவர் அதற்கு எந்நாள்வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

புதுப்பிப்பு எந்நாள்வரை என்று சொல்லும் அந்த ஒரு வரி காஞ்சிபுரத்து மின்பொருள் கடையில் விற்கும் பெட்டியின் மேலும் அச்சிடப்பட வேண்டும். மருந்து அட்டையில் காலாவதி நாளைப் பார்த்து வாங்கும் நுகர்வோர், சுவரில் பதிக்கும் பொருளுக்கும் அதைக் கேட்பதில் மிகை ஏதுமில்லை.

யார் மேல் விழுகிறது?

பழுதின் சுமை, ஆப்பை நிறுவிய பிள்ளையின் மேல் விழுவதில்லை. அவர் பெங்களூரிலோ டல்லாசிலோ இருக்கிறார். கடவுச்சொல்லும் கணக்கும் அவர் கைபேசியில் இருக்க, வீட்டில் தங்கியிருக்கும் பெற்றோரே இருளில் சுவரைத் தடவ நேர்கிறது. தொடுகண்ணாடிச் சுவிட்சில் மேடு பள்ளம் இல்லாமையால் விரலுக்கு இடமும் தெரிவதில்லை. தறி உள்ள வீட்டில் இது தொழிலையும் தொடுகிறது. உடலின் நிறமும் கரையின் நிறமும் வெவ்வேறாகக் கோர்வை போட்டு இணைக்கும் சேலையில், இழையின் நிறத்தையும் சரிகையின் ஓட்டத்தையும் கண்ணால் பிரித்தறிய நிலையான ஒளி வேண்டும். சிமிட்டும் விளக்கின் கீழ் அந்த வேலை நடவாது. தறிக்கூடத்து விளக்குக்கு எளிய சுவிட்சே தகும் என்று துணிந்து சொல்லலாம்.

கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட் கட்டணமில்லா மின்சாரம் 2023 முதல் வழங்கப்படுகிறது. விழித்திருப்பதற்கு மட்டும் ஒரு ஸ்மார்ட் சுவிட்சு ஒரு வாட் இழுப்பதாகக் கொண்டால், பத்துச் சுவிட்சுகள் இரு மாதங்களில் ஏறத்தாழ 14 யூனிட் எடுத்துக்கொள்ளும். பெருந்தொகை இல்லைதான், ஆயினும் இணைப்பு அறுந்து வெறும் சுவிட்சுகளாக அந்தப் பத்தும் நின்றாலும் அதே 14 யூனிட் போகிறது.

மாற்றுவதானால்

சர்வர் அறுந்த சுவிட்சுக்கும் மறுவாழ்வு உண்டு. ஷாங்காய் நகரின் எஸ்பிரஸ்ஸிஃப் நிறுவனம் 2014இல் வெளியிட்ட இஎஸ்பி8266 சில்லைக் கொண்ட சுவிட்சுகளில், நிறுவனத்தின் மென்பொருளை நீக்கி டாஸ்மோட்டா போன்ற கட்டற்ற மென்பொருளை ஏற்றி, 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்னும் கட்டற்ற அமைப்பைச் சிறு கணினியொன்றில் நிறுவினால், கட்டளை வீட்டு வாசலைத் தாண்டாமலே நிறைவேறும். மென்பொருள் ஏற்றும் வேளையில் சுவிட்சு மின்சாரத்திலிருந்து முற்றிலும் கழற்றப்பட்டு 3.3 வோல்ட்டில் மட்டும் இயங்க வேண்டும். இதில் சிறு கவனக்குறைவும் உயிரை வாங்கும். பொறியியல் கல்லூரிகள் நிறைந்த மாவட்டத்தில் இதைச் செய்யத் தெரிந்த மாணவர் கிடைப்பது அரிதன்று.

புதிதாக வாங்குவதானால், சுவரிலுள்ள வழக்கமான சுவிட்சை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பின்னால் பொருத்தும் சிறு பெட்டி வகையே நலம். பெட்டி இறந்தால் அதைக் கழற்றிவிட்டு இரு ஒயர்களைச் சேர்த்தால் பழைய சுவிட்சு பழையபடி உழைக்கும். 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்னும் பொதுத் தரநிலை, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை வீட்டுக்குள்ளேயே பேச வைக்கிறது. அதன் குறி உள்ளதா என்று பார்ப்பதும் பயன் தரும். மின்சாரம் திரும்பியதும் விளக்கு முன்பிருந்த நிலைக்கே போகும் அமைப்பு உண்டா என்பதைக் கடையிலேயே கேட்டுவிட்டால், தேர்நாளில் இருளில் நிற்க நேராது.

பொருத்தும் ஒயர்மேன், பலகையின் மூடிக்கு உட்புறம் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகலாம்: பொருத்திய நாள், நியூட்ரல் எந்தப் பலகையிலிருந்து வருகிறது, எந்த ஒயர் இன்வெர்ட்டருடையது, எந்த வைஃபை பெயரில் இணைந்துள்ளது, கணக்கு யார் பெயரில் உள்ளது என்று ஐந்து வரிகள். அடுத்த முறை நீலப் புள்ளி சிமிட்டும்போது மூடியைத் திறப்பவர் வேறொருவராக இருப்பார்; அவருக்கு அந்தத் தாள் தேவைப்படும்.